பேரிங் தேய்ந்தால் மாற்றலாம், நுரையீரல் தேய்ந்தால்?

மூக்குத்தியில் ஒரு கல் மின்னுகிறது. தோட்டில் ஏழு கற்கள் மின்னுகின்றன.

பார்க்கிறவர்கள் கல்லைப் பார்க்கிறார்கள். விலையைக் கேட்கிறார்கள். அதைப் பட்டை தீட்டியவர் யார் என்று கேட்பதில்லை. அவருக்கு முன்னால் சுற்றிய சக்கரத்தை யாரும் நினைப்பதே இல்லை.

அந்தச் சக்கரத்தின் அடியில் ஒரு சிறிய சாமான் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விலை சில நூறு ரூபாய். அதன் பெயர் பேரிங்.

அது தேய்ந்தால் கல் கெடுகிறது. கல் கெட்டால் கூலி குறைகிறது. அதோடு நின்றால் பரவாயில்லை. பேரிங்கைக் காப்பாற்றப் போய், மனிதனின் மார்பைக் கெடுத்துக்கொள்வதும் நடக்கிறது!

பேரிங்குக்கும் மார்புக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. பட்டறைக்காரர்கள் மட்டும் அல்ல, அவர்களுடைய மனைவி மக்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பந்தம் அது.

சைக்கிளில் இருப்பதுதான்!

கள்ளக்குறிச்சி மாவட்டம் நைனார்பாளையத்தில் இருப்பவர்களுக்குப் பேரிங் புதிய சாமான் அல்ல. கிணற்று மோட்டாரில் அது இருக்கிறது. மாவு மில்லில் இருக்கிறது. வீட்டுக் கிரைண்டரில் இருக்கிறது. சைக்கிள் கடைக்காரர் "பால்ரஸ் போச்சு" என்று சொல்கிறாரே, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இரண்டு இரும்பு வளையங்கள். ஒன்றுக்குள் ஒன்று. நடுவில் வழவழப்பான எஃகுக் குண்டுகள். உள் வளையம் ஷாப்டைப் பிடித்துக்கொள்கிறது. வெளி வளையம் எந்திரத்தின் உடம்போடு நிற்கிறது. நடுவில் உள்ள குண்டுகள் உருளுகின்றன. உராய்வு குறைகிறது. சக்கரம் லேசாகச் சுற்றுகிறது.

இந்த யோசனைக்கு வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வாகன் என்பவர் 1794-ம் ஆண்டில் காப்புரிமை வாங்கினார். வண்டியின் அச்சுக்காக அதைச் செய்தார். குண்டுகளை ஒரே அளவில், சரியான உருண்டையாகத் தேய்ப்பது அப்போது பெரும் பாடாக இருந்தது. 1883-ல் ஜெர்மனியில் பிரடரிக் பிஷர் அதற்கென்று ஒரு எந்திரம் செய்தார். பிறகுதான் பேரிங் உலகம் முழுவதும் பரவியது.

அது எவ்வளவு உழைக்கிறது தெரியுமா?

சாதாரண மின்சார மோட்டார் ஒன்று நிமிஷத்துக்கு 1,440 சுற்று சுற்றுகிறது. ஒரு மணி நேரத்தில் 86,400 சுற்று. எட்டு மணி நேர வேலையில் 6,91,200 சுற்று! ஒரு நாளில் ஏறக்குறைய 7 லட்சம் தடவை சுற்றுகிற சாமானுக்கு, ஆண்டுக்கு ஒரு தடவையாவது கவனிப்பு வேண்டாமா?

ஈராயிரம் ஆண்டுத் தொழில்

கல்லைத் தீட்டி மணியாக்குவது தமிழ்நாட்டுக்கு நேற்று வந்த வேலை அல்ல.

ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பூமியைத் தோண்டிப் பார்த்தார்கள். சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மக்கள் கல் மணி செய்த இடம் அது என்று தெரிந்தது. பாதி வேலை முடிந்த மணிகளும், துளை போடும்போது உடைந்த மணிகளும் அங்கே கிடைத்தன.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டிலும் மணி செய்தார்கள். அங்கே 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டி ஆராய்ந்தார். ரோமாபுரியோடு நடந்த வியாபாரத்தின் தடயங்கள் அங்கே வெளிப்பட்டன.

இன்னொரு செய்தியும் உண்டு. மாணிக்கமும் நீலமும் ஒரே வகைக் கனிப்பொருள். இங்கிலீஷில் அதைக் 'கொரண்டம்' என்கிறார்கள். அந்தப் பெயர் 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லில் இருந்து போனது! குருந்தக் கல்லைப் பொடி செய்து, அந்தப் பொடியால் மற்றக் கற்களைத் தீட்டினார்கள். வைரத்துக்கு அடுத்தபடியாகக் கடினமான கல் அது.

20-ம் நூற்றாண்டில் திருச்சி இந்தத் தொழிலில் பெயர் வாங்கியது. செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டும் வேலை அங்கே குடிசைத் தொழிலாகப் பரவியது. திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களில் பல குடும்பங்கள் இந்தச் சக்கரத்தை நம்பி வாழ்ந்தன. பெண்களும் உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

பிறகு வெளிநாட்டில் இருந்து எந்திரத்தில் தீட்டிய மலிவான கற்கள் வந்தன. தொழில் தளர்ந்தது. பலர் வேறு வேலைக்குப் போனார்கள். இன்னும் தொழிலை விடாமல் இருப்பவர்கள் பழைய எந்திரங்களை வைத்துக்கொண்டு போராடுகிறார்கள். ஆகவே அந்தப் பழைய எந்திரத்தை நன்றாக வைத்துக்கொள்வது அவர்களுக்கு ஆசைக்காக அல்ல, அரிசிக்காக!

எதிரியை வீட்டுக்குள் வைத்த எந்திரம்

மாவு மில்லின் பேரிங்குக்கு இல்லாத கஷ்டம், கல் தீட்டும் எந்திரத்தின் பேரிங்குக்கு உண்டு.

கல்லைத் தேய்க்க, கல்லைவிடக் கடினமான பொடி வேண்டும். சில பட்டறைகளில் கார்பொரண்டம் பொடி போடுகிறார்கள். சில பட்டறைகளில் வைரப் பொடி போடுகிறார்கள். கல் சூடேறி வெடிக்காமல் இருக்கத் தண்ணீர் விடுகிறார்கள். பொடியும் தண்ணீரும் சேர்ந்து சேறாகிறது. சக்கரம் சுற்றும்போது அந்தச் சேறு சிதறுகிறது. ஷாப்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பேரிங்குக்குள் போகிறது.

மாணிக்கத்தையே தேய்க்கும் பொடி, எஃகுக் குண்டை விடுமா?

முதலில் கிரீஸ் கறுக்கிறது. பிறகு தண்ணீர் பட்டுத் துரு பிடிக்கிறது. குண்டு ஓடும் பாதையில் குழி விழுகிறது. குண்டு அந்தக் குழியில் விழுந்து எழுகிறது. சக்கரம் ஆடுகிறது.

அந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. தலைமயிர் கனம்தான் இருக்கும். ஆனால் கல்லுக்குத் தெரியும்! தட்டையாக இருக்கவேண்டிய பட்டை வளைகிறது. கூர்மையாகச் சேரவேண்டிய விளிம்பு மழுங்குகிறது. மெருகு போடும்போது கோடு விழுகிறது. முனை உடைகிறது.

தொழில் பழகியவர் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவார். "வயசாகிப் போச்சு, கை நடுங்குது" என்று நினைப்பார். நடுங்குவது கையாக இல்லாமல் எந்திரமாகவும் இருக்கலாம்.

நஷ்டம் யார் தலையில்?

கல் தீட்டுகிறவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கெட்டுப்போன கல்லுக்குக் கூலி இல்லை.

இப்படி ஒரு பேச்சை நினைத்துப் பாருங்கள்.

"என்னக்கா, பத்துக் கல்லுல ஒண்ணு முனை உடைஞ்சிருக்கு?"

"சக்கரம் ஆடுது தம்பி. பேரிங் போயிட்டுது. ரெண்டு மாசமா நானும் சொல்றேன்."

"அதை நீங்க முதலாளிகிட்டதான் சொல்லணும். உடைஞ்ச கல்லுக்குக் கூலி போட எனக்கு உத்தரவு இல்லே."

இதில் தம்பி கெட்டவர் அல்ல. அக்காவும் வேலை தெரியாதவர் அல்ல. ஆனால் நஷ்டம் அக்காவின் தலையில் விழுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் ஒரு நாளில் 50 கல் தீட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 கெட்டால், பத்தில் ஒரு பங்குக் கூலி போய்விட்டது. மாதத்தில் 25 நாள் வேலை என்றால், இரண்டரை நாள் கூலி இல்லாமல் உழைத்ததாக அர்த்தம். ஒரு பேரிங்கின் விலையைவிட அது அதிகம் அல்லவா? போதாக்குறைக்கு, கெட்ட கல்லின் விலை முதலாளிக்கும் நஷ்டம்.

எந்திரம் யாருடையதோ, பேரிங்கின் செலவும் அவருடையது. இதுதான் நியாயம். எந்திரத்தின் கோளாறால் கெட்ட கல்லுக்குத் தொழிலாளியின் கூலியைப் பிடிக்கக் கூடாது. "சக்கரம் ஆடுகிறது" என்று தொழிலாளி சொன்னால், அன்றைக்கே நிறுத்திப் பார்க்கவேண்டும். சொல்வதைக் குறை கூறுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்திரத்தோடு நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அதன் நோய் முதலில் தெரியும்.

சொந்த எந்திரம் வைத்து வீட்டிலேயே தொழில் செய்கிறவர்களும் உண்டு. அவர்கள் முதலாளியைக் குறை சொல்ல முடியாது. பண்டிகைக்குத் துணி எடுக்கச் சீட்டுக் கட்டுகிறார்கள் அல்லவா? அதுபோல எந்திரத்துக்கும் மாதம் கொஞ்சம் ஒதுக்கி வைக்கவேண்டும். சோறு போடும் எந்திரம் வீட்டில் ஒரு பிள்ளை மாதிரி!

தண்ணீரை நிறுத்தாதீர்கள்!

இனிமேல்தான் முக்கியமான செய்தி வருகிறது.

தண்ணீர் பேரிங்கைக் கெடுக்கிறது. இது உண்மை. அதனால் சிலர் என்ன செய்கிறார்கள்? தண்ணீரைக் குறைக்கிறார்கள். "கொஞ்ச நேரம்தானே" என்று உலர்ந்த கல்லையே தேய்க்கிறார்கள். பேரிங் பிழைக்கிறது.

தூசி கிளம்புகிறது. அந்தத் தூசி எங்கே போகிறது? மூக்கு வழியாக நெஞ்சுக்குள் போகிறது.

ஸ்படிகம், செவ்வந்திக் கல், அகேட் ஆகிய கற்கள் எல்லாம் சிலிக்கா என்ற பொருளால் ஆனவை. மணலில் இருப்பதும் அதுதான். இதன் நுண்ணிய தூசி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடுகிறது. அங்கே தழும்பு உண்டாகிறது. தழும்பு வளர வளர மூச்சு குறைகிறது. இந்த நோய்க்குச் 'சிலிக்கோசிஸ்' என்று பெயர்.

இது ஒரு நாளில் வருவதில்லை. பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல வருகிறது. முதலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு நடந்தாலே மூச்சு வாங்கும். வேலையை விட்டுவிட்டாலும் உள்ளே போன தூசி வெளியே வராது. முற்றிலும் குணமாக்கும் மருந்து கிடையாது. போதாததற்கு, இந்த நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் எளிதில் தொற்றுகிறது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. குஜராத் மாநிலத்தில் கம்பாத் என்ற பழைய துறைமுகப் பட்டினம் இருக்கிறது. அகேட் கல்லைத் தீட்டி மணியும் மாலையும் செய்வதில் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்ற ஊர். அங்கே கல் தேய்த்தவர்கள் பலர் சிலிக்கோசிஸ் நோய்க்கு ஆளானார்கள். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் அவர்களைச் சோதித்து ஆராய்ந்தது. தூசியை உறிஞ்சி வெளியேற்றும் கருவியையும் அமைத்துப் பார்த்தது. அழகான மாலைகள் கடல் கடந்து போயின. அவற்றைச் செய்தவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருமினார்கள்.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டிய நோய்களின் வரிசையில் சிலிக்கோசிஸ் சேர்க்கப்பட்டது. ஆனால் தொழிற்சாலைக்கு எழுதிய சட்டம், வீட்டுக்குள் இரண்டு பேர் சுற்றும் சக்கரத்தை எட்டிப் பார்ப்பது அபூர்வம். அங்கே காவல் காக்கவேண்டியது வீட்டில் உள்ளவர்கள்தான்.

எல்லாக் கல்லிலும் சிலிக்கா இல்லை. மாணிக்கமும் நீலமும் வேறு இனம். அதற்காக அவற்றை உலர்த்தித் தேய்க்கலாமா? கூடாது. எந்தத் தூசியும் நெஞ்சுக்கு நல்லது அல்ல. மேலும், ஒரே சக்கரத்தில் இன்று ஒரு கல், நாளை ஒரு கல் ஏறுகிறது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. நெஞ்சின் அடிவரை போகும் தூசி கண்ணுக்கே தெரியாது. துணியின் கண் வழியே அது நுழைந்துவிடும்.

ஆகவே தண்ணீர் ஓடத்தான் வேண்டும். பேரிங் கெட்டால் கெடட்டும். கடையில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். நுரையீரலை எந்தக் கடையில் வாங்குவது?

இரண்டையும் காப்பாற்ற வழி உண்டு

பேரிங்கையும் காப்பாற்றலாம், மார்பையும் காப்பாற்றலாம். அதற்குச் சின்னச் சின்ன ஏற்பாடுகள் போதும்.

ரப்பர் மூடி உள்ள பேரிங் வாங்கவேண்டும். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி இருந்தால், எண்ணுக்குப் பின்னால் '2 ஆர்.எஸ்.' என்று போட்டிருக்கும். 'இசட் இசட்' என்று போட்டிருந்தால் இரும்புத் தகடு மூடி. தகடு தூசியை ஓரளவு தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. கல் தீட்டும் எந்திரத்துக்கு ரப்பர் மூடியே ஏற்றது.

சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நடுவில், ஷாப்டில் ஒரு ரப்பர் வட்டை மாட்டவேண்டும். ஷாப்டோடு சேர்ந்து அதுவும் சுற்றும். ஓடிவரும் தண்ணீரை வெளியே வீசிவிடும்.

சக்கரத்தைச் சுற்றி மூடி இருக்கவேண்டும். சேற்றுத் தண்ணீர் தேங்காமல் வடிய வழி வேண்டும். தண்ணீரைக் குழாயில் கொட்டவேண்டாம். சொட்டுச் சொட்டாக, கல் தேயும் இடத்தில் விழுந்தால் போதும்.

வேலை முடிந்ததும் சேற்றை ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுக்கவேண்டும். காயவிட்டு விளக்குமாற்றால் பெருக்கினால், நாள் முழுவதும் தண்ணீர் விட்டதன் பலன் போய்விடும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் அந்தத் தூசி பறக்கும்.

பேரிங் போய்விட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

டாக்டர் நாடி பார்ப்பதுபோல எந்திரத்துக்கும் நாடி பார்க்கலாம்.

முதலில் மின்சாரத்தை நிறுத்தவேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கவேண்டும். பெல்ட்டைக் கழற்றவேண்டும்.

சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். வழவழ என்று சுற்றினால் நல்லது. மணல் அரைபடுவதுபோலக் கரகர என்றால் பேரிங் கெட்டுவிட்டது.

ஷாப்டைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், பேரிங் தேய்ந்திருக்கலாம். அல்லது அது உட்காரும் இடம் தேய்ந்திருக்கலாம்.

எந்திரம் ஓடி நின்ற பிறகு பேரிங் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் கோளாறுதான்.

இந்தச் சோதனைக்குப் பத்து நிமிஷம் ஆகாது. மாதம் ஒரு முறை செய்தால் போதும். "பேரிங் கத்தும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருப்பவர்கள், ஷாப்டையும் சேர்த்து மாற்ற நேரிடும்.

சுத்தியலைக் கீழே போடுங்கள்!

பழைய பேரிங்கைக் கழற்ற முதலில் கையில் எடுப்பது சுத்தியல். புதிய பேரிங்கைப் போடவும் சுத்தியல். பல புதிய பேரிங்குகள் பிறந்த அன்றே சாவதற்கு இதுதான் காரணம்.

கழற்றுவதற்குப் 'புல்லர்' என்ற கருவி இருக்கிறது. மூன்று கால்களால் பிடித்துத் திருகினால், பேரிங் தானாக வெளியே வரும்.

மாட்டும்போது ஒரு விதியை மறக்கக் கூடாது. ஷாப்டில் இறுக்கமாக ஏறும் பேரிங்கை உள் வளையத்தில்தான் அழுத்தவேண்டும். வெளி வளையத்தில் தட்டினால், அந்த அடி குண்டுகள் வழியாகப் போகிறது. குண்டுகள் பாதையில் பள்ளம் போடுகின்றன. உள் வளையத்தின் அளவுக்குச் சரியான ஒரு குழாய்த் துண்டை வைத்து, நேராக, சமமாக அழுத்தினால் போதும்.

புதிய பேரிங்கைச் சுற்றியுள்ள காகிதத்தை மாட்டும் நேரம் வரை பிரிக்கக் கூடாது. கல் பட்டறையில் பறக்கும் பொடி அதற்கு விஷம். முதலில் இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யவேண்டும். பிறகுதான் பிரிக்கவேண்டும்.

ஷாப்டில் இரண்டு பேரிங் இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. ஒன்று தேயும்போது மற்றது சும்மா இருந்திருக்காது.

மூடி இல்லாத பேரிங்காக இருந்தால் கிரீஸ் வைக்கவேண்டும். நிறைய வைத்தால் நல்லது என்று நினைப்பது தவறு. உள்ளே இருக்கும் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். அதிகம் அடைத்தால் சூடேறும். வயிறு முட்டச் சாப்பிட்டவன் ஓட முடியுமா?

பெல்ட்டை மிக இறுக்கமாகக் கட்டுவதும் பேரிங்கைக் கொல்லும். இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். கடைசியில் பெல்ட்டுக்கு மூடி போட மறக்கக் கூடாது. சேலைத் தலைப்பும் தலைமயிரும் பெல்ட்டில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்து இருக்கும் இடம் இது. எந்திரத்துக்கு எர்த் கம்பி கட்டாயம்.

எண்ணில் இருக்கிறது சூட்சுமம்

பேரிங்கின் ஓரத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் யாரும் ஏமாற்ற முடியாது.

6204 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண் 6, அது குண்டு பேரிங் என்று சொல்கிறது. அடுத்த எண் 2, அதன் கன வரிசை. கடைசி இரண்டு எண்கள் 04. அதை ஐந்தால் பெருக்கினால் 20. ஷாப்ட் நுழையும் துளை 20 மில்லி மீட்டர்! வெளி விட்டம் 47, அகலம் 14 மில்லி மீட்டர். 6205 என்றால் துளை 25 மில்லி மீட்டர். 6203-க்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதன் துளை 17 மில்லி மீட்டர்.

மிகப் பழைய எந்திரங்களில் ஒரு வம்பு உண்டு. அவற்றின் ஷாப்ட் அங்குல அளவில் இருக்கும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லி மீட்டர். அதில் 20 மில்லி மீட்டர் பேரிங்கைப் போட்டால் லொடலொட என்று ஆடும். சிலர் நடுவில் தகரத்தைச் செருகுகிறார்கள். ஒரு அங்குல ஷாப்ட் 25.4 மில்லி மீட்டர். அதில் 25 மில்லி மீட்டர் பேரிங் ஏறாது. சிலர் அரத்தை எடுத்து ஷாப்டை ராவுகிறார்கள். இரண்டும் தவறு. அங்குல அளவுப் பேரிங் கேட்டு வாங்கவேண்டும். இல்லாவிட்டால் லேத் பட்டறையில் ஷாப்டைச் சரியாகக் கடைந்து வாங்கவேண்டும்.

இன்னும் பழைய எந்திரங்களில் குண்டு பேரிங்கே இருக்காது. வெண்கலப் புஷ் அல்லது வெள்ளை உலோகம் ஊற்றிய புஷ் இருக்கும். எண்ணெய் விட மேலே ஒரு கிண்ணம் இருக்கும். வெள்ளை உலோகத்தில் ஈயம் கலந்திருப்பது உண்டு. அதை வீட்டு அடுப்பில் உருக்கக் கூடாது. ஈயப் புகை குழந்தைகளுக்குப் பெரும் தீங்கு. அந்த வேலை பட்டறைக்காரருடையது.

பெரிய கம்பெனிகளின் பெயரைப் போட்ட போலிப் பேரிங்குகளும் சந்தையில் உண்டு. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கினால் பாதி நாள்கூட உழைக்காது. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்குவதே புத்திசாலித்தனம்.

பழைய எந்திரத்தைத் தூக்கி எறிவதா?

"இந்தக் கிழட்டு எந்திரத்துக்கு எவ்வளவு செலவு செய்வது? புதிதாக வாங்கிவிடலாமே!" என்று சிலர் கேட்கலாம்.

பணம் இருப்பவர்கள் வாங்கட்டும். தடுப்பார் இல்லை. ஆனால் பழைய எந்திரத்தின் உடம்பு கனமான வார்ப்பு இரும்பு. கனம் இருந்தால் அதிர்வு குறையும். அதிர்வு குறைந்தால் மெருகு ஏறும். தகட்டால் செய்த புதிய எந்திரம் பளபள என்று இருக்கும். உடம்பு லேசாக இருந்தால் வேலையில் அதிரும். பேரிங்கும் பெல்ட்டும் மாற்றி, ஷாப்டைச் சரிசெய்தால் பழைய எந்திரம் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும்.

அதற்காகப் பழையதை எல்லாம் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்பது இல்லை. உடம்பில் விரிசல் விழுந்த எந்திரத்தை வைத்திருக்கக் கூடாது. மின்சாரக் கம்பி நைந்து, அதை மாற்றவும் வழி இல்லை என்றால் கழித்துவிடவேண்டும். தண்ணீர் விடவும், மூடி போடவும் இடம் இல்லாத எந்திரமும் வேண்டாம். எந்திரத்தின் வயதைப் பார்க்கவேண்டாம். அதன் முன்னால் உட்காருகிறவருக்கு அது தீங்கு செய்கிறதா என்று பார்த்தால் போதும்.

மாணிக்கமே பேரிங்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு.

பேரிங்கின் உதவியால் மாணிக்கத்தைத் தீட்டுகிறார்கள். அந்த மாணிக்கமே பேரிங்காகவும் வேலை செய்திருக்கிறது! சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தில் '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அலங்காரத்துக்கு வைத்த கற்கள் அல்ல அவை. கடிகாரத்தின் நுண்ணிய அச்சுகள் தேயாமல் சுற்ற வைக்கும் மாணிக்கப் பேரிங்குகள்.

துளையிட்ட ரத்தினத்தைக் கடிகாரத்தில் வைக்கும் முறைக்கு 1704-ல் லண்டனில் காப்புரிமை வாங்கினார்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்த நிக்கோலஸ் பாசியோ என்பவரும் வேறு இருவரும் சேர்ந்து அதைச் செய்தார்கள். பிரான்சு நாட்டு விஞ்ஞானி அகஸ்ட் வெர்னெய்ல் 1902-ல் செயற்கை மாணிக்கம் செய்யும் வழியை அறிவித்தார். பிறகு அந்த மாணிக்கம் லட்சக்கணக்கில் கடிகாரங்களுக்குள் போனது.

ஒரு கடிகாரம் சரியாக ஓடவேண்டும் என்பதற்காக ரத்தினத்தையே பேரிங்காக வைத்தார்கள். ஒரு மனிதர் நலமாக வாழவேண்டும் என்பதற்காக, சில நூறு ரூபாய்ப் பேரிங்கை மாற்ற யோசிக்கலாமா?

செய்யவேண்டியது என்ன?

எந்திரம் வைத்திருப்பவர்கள் பேரிங்கின் எண்ணைச் சுவரில் எழுதி வைக்கட்டும். மாற்றிய தேதியையும் பக்கத்தில் எழுதட்டும். ஒரு ஜோடிப் பேரிங் எப்போதும் அலமாரியில் இருக்கட்டும். அது கெட்டால் செலவு அவர்களுடையது. தொழிலாளியின் கூலியில் கை வைக்கவேண்டாம்.

வேலை செய்கிறவர்கள் தண்ணீர் இல்லாமல் கல்லைத் தொடவேண்டாம். தொடர்ந்து இருமல் இருந்தால், மூச்சு வாங்கினால், அரசாங்க ஆஸ்பத்திரியில் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கட்டும். என்ன வேலை செய்கிறோம் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லட்டும். சொல்லாவிட்டால் தூசியால் வந்த நோயைக் காசநோய் என்று மட்டும் நினைக்க இடம் உண்டு.

தொழிற்பயிற்சி நிலையங்களில் படிக்கும் பிள்ளைகள் இந்தச் சிறிய எந்திரங்களையும் பழுது பார்க்கக் கற்கட்டும். பெரிய ஆலைக்கு வேலைக்குப் போகக் காத்திருக்கும் பையன், சொந்த ஊரிலேயே ஒரு புல்லரும் அளவுகோலும் வைத்துக்கொண்டு பிழைக்கலாம். திருச்சியின் கல் சக்கரத்துக்குச் சொன்னது நைனார்பாளையத்தின் மாவு மில்லுக்கும், கிணற்று மோட்டாருக்கும் பெரும்பாலும் பொருந்தும். கல் அறுக்கும் இடத்திலும், கல் உடைக்கும் இடத்திலும் தூசியைப் பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும்.

வீட்டில் இருக்கும் பெண்கள் ஒன்று கவனிக்கட்டும். வேலை முடிந்து வருகிறவரின் சட்டை சேறாக இருந்தால் கோபித்துக்கொள்ளவேண்டாம். துவைத்தால் போய்விடும். சட்டை வெள்ளைத் தூசியாக இருந்தால்தான் கவலைப்படவேண்டும். மறுநாள் காலையில் அவர் புறப்படும்போது ஒரு வார்த்தை கேட்கவேண்டும்:

"சக்கரத்துக்குத் தண்ணீர் விடுகிறீர்களா?"